முதல்முறை ஓவர்கிளாக்: சென்னை வெயிலுக்கு எந்த வழி தாங்கும்?

ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிச் சொந்தமாக ஒரு டெஸ்க்டாப்பைக் கட்டி முடித்தவருக்குச் சில வாரங்களிலேயே வரும் ஆசை இது: பிராசஸரை அதன் இயல்பு வேகத்தைவிட இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா, அதாவது ஓவர்கிளாக் செய்யலாமா? ஆசையில் தவறே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவரை போகும் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் முதல்முறை செய்பவர் கையில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அறைக்குள் 20, 22 டிகிரி இருக்கும் ஊர்களில் எழுதப்பட்டவை. மே மாதம் வளசரவாக்கத்திலோ பெரம்பூரிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், இரவு ஒன்பது மணிக்கும் அறைக்குள் 35, 36 டிகிரி நிற்கும். இந்தப் பதினான்கு டிகிரி வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் எந்த வழியையும் எடைபோட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. பிராசஸர் மேல் உட்காரும் கூலர், காற்றால் ஆனாலும் தண்ணீரால் ஆனாலும், பிராசஸர் சில்லில் பிறக்கும் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். அறையைவிடக் குறைந்த வெப்பத்துக்கு அதனால் சில்லைக் கொண்டுபோக முடியாது. ஒரு குறிப்பிட்ட வாட் அளவுக்கு அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்ற வித்தியாசம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். 90 வாட் இழுக்கும்போது உங்கள் கூலர் 45 டிகிரி வித்தியாசத்தில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்ட 25 டிகிரி அறையில் சில் 70 டிகிரி காட்டும். அக்னி நட்சத்திர நாளில், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே கணினி, அதே வேலைக்கு 81 டிகிரி காட்டும். எதையும் மாற்றாமலே பதினோரு டிகிரி போய்விட்டது.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத அளவுக்கு லாபம் பெரிதாக இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, பிராசஸர் மற்ற பாகங்களோடு பேசும் பாதையான பஸ்ஸின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்சிலிருந்து 450க்கு ஏறியது. கோர் 2 குவாட் கியூ6600 இருந்தவர்கள் 2.4 கிகாஹெர்ட்சிலிருந்து 3.0க்குச் சாதாரணமாகப் போனார்கள். 2011இல் வந்த கோர் ஐ5 2500கே, 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தோடு வந்து 4.5 வரை ஏறியது. அன்று உற்பத்தியாளர் விட்டுவைத்த இடைவெளி பெரியது. இன்று அந்த இடைவெளியின் பெரும்பகுதியைப் பிராசஸரே தானாக எடுத்துக்கொள்கிறது. வெப்பம், மின்னோட்டம், தனக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் எத்தனை இயங்குகின்றன என்பதையெல்லாம் பார்த்து, நொடிக்குப் பலமுறை தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது. நமக்கு மிஞ்சியிருப்பது ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம். அதை எப்படி எடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

அதற்கு முன் உங்களிடம் இருப்பது இடம் கொடுக்குமா என்று பார்த்துவிடுங்கள். இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ இருக்க வேண்டும். மதர்போர்டு ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேமின் வேகத்தை ஏற்றலாம், அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் பிராசஸரின் பெருக்கியைத் தொட முடியாது. ஏஎம்டி ரைசன் பெரும்பாலும் பூட்டில்லாமல் வருகிறது; பி550, பி650 போதும். ஏ520, ஏ620 போர்டுகளில் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. கடைக்காரர் “எல்லாம் ஆகும் சார்” என்று சொன்னாலும், பில் போடுவதற்கு முன் போர்டின் பெயரை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முதல் வழி பழைய வழி: எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில் நிறுத்துவது. கணினி எழும்போது திறக்கும் போர்டின் அமைப்பு மெனுவான பயாசில் பெருக்கியை 48 என்று வைத்தால், 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக்கு 4.8 கிகாஹெர்ட்ஸ். அதைத் தாங்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை ஏற்றுவது, சோதிப்பது, கணினி உறைந்தோ தானாக ரீஸ்டார்ட் ஆகியோ விழுந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. முதல்முறை செய்பவர் மனத்தில் ஓவர்கிளாக் என்றால் இதுதான் இருக்கும். கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் விலையை எண்களில் பாருங்கள். சில்லின் மின்செலவு, வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. 1.20 வோல்ட்டில் 4.5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் ஒரு சில்லை 1.35 வோல்ட் கொடுத்து 4.8க்குக் கொண்டுபோனால், வேகம் ஏறுவது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. மின்செலவு ஏறுவது சுமார் 35 சதவீதம். மேலே சொன்ன 90 வாட் 121 வாட் ஆகிறது. 45 டிகிரி வித்தியாசம் 61 டிகிரியை நெருங்குகிறது. 25 டிகிரி அறையில் 86 காட்டும். மூச்சு முட்டினாலும் ஓடும். 36 டிகிரி அறையில் 97. ரைசன் 7000 வரிசைக்கு எல்லை 95 டிகிரி. அங்கே பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை இறக்கிவிடும்; ஏற்றிய வேகம் வெயிலுக்குப் பலி.

கிடைத்த லாபமும் சொல்லும்படியாக இல்லை. ஒரு மணி நேரம் ஓடும் ரெண்டரிங் வேலை 56 நிமிடத்தில் முடியும். அதுவும் வேலை முழுக்க முழுக்கப் பிராசஸரையே நம்பியிருந்தால். விளையாட்டுகளில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் முதலில் மூச்சு வாங்குகிறது. திரையின் தெளிவு கூடக் கூடப் பிராசஸர் வேகத்தின் பங்கு இன்னும் சுருங்கும். ரைசனில் கூடுதலாக ஒரு நஷ்டமும் உண்டு. எல்லா கோர்களையும் 4.5இல் கட்டிவைத்தால், ஒரே ஒரு கோருக்கு வேலை இருக்கும்போது தானாக 4.6 வரை ஏறும் பூஸ்ட் நின்றுபோகிறது. பிரவுசர் திறப்பது, எக்செல் கணக்குப் போடுவது போன்ற அன்றாட வேலைகளில் கணினி முன்பைவிட மந்தமாகக்கூட ஆகலாம்.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேவைக்கு மேல் ஏறிய மின்னழுத்தத்தால் அந்தச் சில்லுகள் நிலைகுலைந்து, கேம்களும் விண்டோசும் காரணமின்றி விழுந்ததை 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில், சில்லின் உள்நிரலான மைக்ரோகோடு திருத்தப்பட்டு வந்தது. வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். ஏற்கெனவே சிதைந்த சில்லை மைக்ரோகோடு மீட்டுத் தராது. ஆகவே பயாசைப் புதுப்பித்து, இன்டெல் சொன்ன இயல்பு அமைப்புக்குக் கொண்டுவருவது உங்கள் முதல் வேலை. அந்தச் சில்லில் மின்னழுத்தத்தை ஏற்றிக் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். ஏஎம்டியில் இதை பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) என்றும், அதோடு சேர்ந்து வரும் பகுதியை கர்வ் ஆப்டிமைசர் என்றும் சொல்கிறார்கள். கர்வ் ஆப்டிமைசர் ரைசன் 5000 வரிசையிலிருந்து இருக்கிறது. இங்கே வேகத்தை நாம் நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் சில் கேட்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறோம். தொழிற்சாலையில் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக ஒரு பாதுகாப்பு மிச்சம் வைத்து அனுப்புகிறார்கள். உங்கள் சில் நல்ல சில்லாக இருந்தால் அந்த மிச்சம் வீண். அதைத் திரும்ப எடுத்தால் அதே வாட்டுக்குள், அதே வெப்பத்துக்குள் பூஸ்ட் இன்னும் மேலே போகிறது. வேகம் கூடி வெப்பம் கூடாத ஒரே வழி இது. சென்னைக்காரர் முதலில் இங்கேதான் கை வைக்க வேண்டும்.

செய்யும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். பயாசின் உள்ளே ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற மெனுவைத் திறந்தால், முதலில் ஒரு எச்சரிக்கைப் பக்கம் வரும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். வாரண்டி பற்றி நேராகவே சொல்லியிருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகு பிபிஓவை அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோர்களுக்கும் நெகட்டிவ் 10 என்று வையுங்கள். ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். பத்து என்றால் 30 முதல் 50 மில்லிவோல்ட் குறைகிறது. சேமித்து விண்டோசுக்குள் வந்து, வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்சை ஓட்டுங்கள். மதிப்பெண்ணோடு வெப்பத்தையும் வாட்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் 15, பிறகு 20.

பலர் சறுக்குவது இந்த இடத்தில். சினிபெஞ்ச் அரை மணி நேரம் விழாமல் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்த சில், முழுச் சுமையில் விழுவதைவிடச் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் விழும். ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில்தான் மின்னழுத்தம் பற்றாமல் போகிறது. யாரும் தொடாத கணினி இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். அதனால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை இரவு முழுக்க ஓடவிடுவது அவசியம். காலையில் விண்டோசின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘வீயா லாகர்’ என்ற பெயரில் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவுக்குள் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். ஒரு கோருக்கு இரண்டு எண்கள்: 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது. எந்த கோர் அழுதது என்று இப்படித் தெரிந்துவிடும். அதற்கு மட்டும் 20ஐ 12ஆகக் குறைத்தால் போதும். வழக்கமாகச் சில்லின் மிகச் சிறந்த கோர்தான் குறைவாக இடம் கொடுக்கும், ஏனென்றால் அதைத் தொழிற்சாலையிலேயே நன்றாக இறுக்கிவிட்டார்கள்.

இதே மெனுவில் மின் எல்லைகளை முழுதாகத் தளர்த்தும் வசதியும், பூஸ்ட் எல்லையை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டும் வசதியும் இருக்கின்றன. முதல்முறையில் இரண்டையும் விட்டுவிடுங்கள். எல்லையைத் தளர்த்தினால் முதல் வழியின் வெப்பக் கணக்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது வழி ரேம்; அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிடிஆர்5 6000 என்று எழுதிய ரேமை வாங்கிப் பொருத்தியவர்களில் நிறையப் பேர், அது 4800இலேயே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. பயாசில் இன்டெலுக்கு எக்ஸ்எம்பி, ஏஎம்டிக்கு எக்ஸ்போ என்ற ஒரே ஒரு பொத்தான்தான். விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் பலன் பெரும்பாலும் இதில்தான் கிடைக்கிறது. இதுவும் விதிப்படி ஓவர்கிளாக்தான் என்பதால் ஒரே ஒரு முன்னெச்சரிக்கை தேவை. 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் போர்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்போவை இயக்கியபோது சில போர்டுகள், பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியது அதற்கு ஒரு காரணம். பிறகு வந்த பயாஸ் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது. ஆகவே முதலில் பயாஸ் புதுப்பிப்பு, பிறகு எக்ஸ்போ. மாற்றிய பிறகு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு முழுச் சுற்று ஓட்டிவிடுங்கள். ரேம் பிழை சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும்.

நான்காவது வழியை ஓவர்கிளாக் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்: பிராசஸரின் மின் எல்லையைக் குறைப்பது. ரைசன் 5 7600எக்ஸ் இயல்பில் 142 வாட் வரை இழுக்கும். பயாசில் உள்ள ஈகோ மோடில் 65 வாட் வகுப்புக்கு இறக்கினால், பெயரில் 65 என்றாலும் உண்மையான உச்சம் 88 வாட். எல்லா கோர்களும் வேலை செய்யும்போது இழக்கும் வேகம் பத்து சதவீதத்துக்கும் குறைவு. விளையாட்டில் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. இன்டெலில், நீடித்த சுமைக்கும் குறுகிய நேரச் சுமைக்கும் உள்ள மின் எல்லைகளான பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு எண்களைக் குறைத்தால் இதே வேலை நடக்கும். பல போர்டுகள் அந்த எல்லைகளைத் தாங்களாகவே தூக்கிவிட்டு அனுப்புகின்றன. எதையும் தொடாதவர்கூட அறியாமலே ஓவர்கிளாக்குக்கு நெருக்கமான நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணன் ஒருவரிடம் முதல் வழியின் லாபத்தைச் சொன்னேன். “இரவில் ரெண்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன் தம்பி, காலையில் ஃபைல் தயாராக இருந்தால் போதும். நாலு நிமிஷம் முன்னால் முடிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?” என்றார். அவருடைய அறை மேல்தளத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. இரவில் ஆள் இல்லாதபோது ஏசியை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் எட்டு மணி நேர வேலையின் ஆறாவது மணியில் கணினி விழுந்தால் நஷ்டம் ஆறு மணி நேரம். ஈகோ மோடும் நெகட்டிவ் 10உம் சேர்த்து வைத்தால், அவருடைய வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி பணம். முதல் வழியைப் பின்பற்ற ‘கே’ பிராசஸர், இசட் போர்டு, பெரிய கூலர், கணினிக்கு மின்சாரம் தரும் தரமான எஸ்எம்பிஎஸ் எல்லாம் வேண்டும். இந்தக் கூடுதல் தொகையைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அதே வரிசையில் ஒரு படி மேலே இருக்கும் பிராசஸரையே வாங்கிவிடலாம். ஆறு கோரை ஏழு சதவீதம் விரட்டுவதைவிட எட்டு கோர் நல்ல முதலீடு. அதுவும் வாரண்டியோடு வருகிறது. கூலர் மட்டும் விதிவிலக்கு. ரைசன் 5 7600 உடன் பெட்டியில் வரும் சிறிய ரைத் ஸ்டெல்த்தை மாற்றி, 120 மில்லிமீட்டர் விசிறியோடு கூடிய டவர் கூலர் ஒன்றைப் பொருத்துவது, எதையும் ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் சென்னையில் வீண்போகாத செலவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டைத் தவிர்த்து, வலை முகப்பு உள்ளதை எடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் உப்பும், மற்ற இடங்களில் சாலைத் தூசியும் ஹீட் சிங்கை அடைத்துவிடும். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவாமல் வாட் கணக்குப் பேசிப் பயனில்லை.

மின்கட்டணமும் உண்டு. கூடுதலாக 60 வாட் இழுக்கும் கணினி தினம் எட்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 29 யூனிட். பெரிய எண் இல்லை. ஆனால் கோடையில் ஏசியால் ஏற்கெனவே 500 யூனிட்டை உரசிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்த 29 யூனிட் எல்லையைத் தாண்டவைத்தால் முன்பகுதி யூனிட்டுகளுக்கான கட்டணமும் மாறிவிடுகிறது. கணினி கக்கும் வெப்பத்தை வெளியேற்ற ஏசி செய்யும் கூடுதல் வேலை தனி. கோடை மாலையில் மின்சாரம் போய் வருவதையும் மறக்க வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் பயாசைப் புதுப்பிக்காதீர்கள். ஓவர்கிளாக் செய்த பிறகு, உங்கள் யுபிஎஸ் முழுச் சுமையைத் தாங்குகிறதா என்று பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஆக, என் தேர்வு இப்படி. ஏசி இல்லாத அறையில் ரைசன் வைத்திருப்பவர் பயாசைப் புதுப்பித்து, ரேம் பொத்தானை இயக்கி, கர்வ் ஆப்டிமைசரில் நிறுத்திக்கொள்ளட்டும். இரவு முழுக்க வேலை ஓட்டுபவர் அதோடு ஈகோ மோடையும் சேர்க்கட்டும். 13, 14ஆம் தலைமுறை இன்டெல்காரர் மின் எல்லையைக் கட்டட்டும், அதற்கு மேல் வேண்டாம். பெருக்கியைக் கையால் ஏற்றிக் கற்றே தீர வேண்டும் என்ற ஆர்வம் இருப்பவர், வாரண்டி முடிந்த பழைய கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்; 2500கே, 4790கே போன்றவை இரண்டாம் கைச் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. ஒவ்வொரு மெகாஹெர்ட்சும் எதைக் கேட்கிறது என்று அவை பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும், விழுந்தாலும் வேலை கெடாது. முதல்முறை பூட் ஆகாமல் நின்றால் பதற வேண்டாம்: மின்சாரத்தைத் துண்டித்து, பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் போர்டின் சிமாஸ் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மார்கழியில் சோதித்துத் தேறிய அமைப்பைச் சித்திரையில் மறுபடி சோதிக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளின் பயாசில் பல அமைப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமிக்கலாம். ஒன்றை ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு என்று 65 வாட் ஈகோ மோடோடும், இன்னொன்றை மீதி மாதங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பயாசைப் புதுப்பிக்கும்போது இந்தச் சேமிப்புகள் பல நேரம் அழிந்துவிடும் என்பதால், எண்களைத் தாளில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.